பின்னவலையா, மின்னேரியாவா, நெடுந்தீவா? பெடியளுக்கு எங்கே மிருகம் காட்டுவது

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து அண்ணை குடும்பம் வருகிறது. சின்னவளுக்கு யானை பார்க்க வேண்டுமாம், மாமி உடனே பின்னவலை யானைகள் காப்பகம் என்றா, பதினைந்து வயதாகும் மூத்தவளோ "சங்கிலி போட்ட யானையைப் பார்க்க நான் வரமாட்டன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். வான் பிடிக்கிற பொறுப்பு என் தலையில் என்பதால், போகக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்களைப் பிடிக்காவிட்டால் அந்த விலங்கு தன் பாட்டுக்கு எழும்பிப் போக வழி இருக்கிறதா?

பின்னவலையில் அந்த வழி இல்லை. ஆனால் அதை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. 1975 இல் தாயை இழந்த குட்டிகளைக் காப்பாற்றத்தான் வனஜீவராசிகள் திணைக்களம் அதைத் தொடங்கியது, 1978 இல் அது மிருகக்காட்சிச் சாலைக்காரரின் கைக்குப் போனது. மிதிவெடியில் முன்னங்கால் பாதத்தை இழந்த சாமாவைப் பல வருடங்களுக்கு முன் அங்கே பார்த்தேன். மூன்று காலில் அது நொண்டி வந்ததைப் பார்த்து வானில் வந்த ஒருவரும் பேசவில்லை, எங்கள் ஊரில் அப்படி நடக்கிற ஆக்களை எல்லோருக்கும் தெரியும்தானே. அந்த யானையைக் காட்டில் விட முடியாது, சரி. ஆனால் அங்கேயே பிறக்கிற குட்டிகள்? 2021 ஓகஸ்டில் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி போட்டபோது நாடே கொண்டாடியது, அந்தக் குட்டிகளும் காட்டுக்குப் போகப் போவதில்லை. மகா ஓயாவில் குளிப்பாட்டுகிற நேரம் பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் பாகன் கண்ணைக் காட்டி யானையைத் தொட விடுவதும், பிறகு கையை நீட்டுவதும், பக்கத்தில் அங்குசம் கிடப்பதும் மூத்தவளின் கண்ணுக்குத் தப்பாது. நானும் அன்று காசு கொடுத்துத் தொட்டுப் படம் எடுத்தவன்தான்.

இதே வேலையைச் சரியாகச் செய்கிற இடம் உடவளவை. அங்குள்ள யானைக் குட்டிகள் இல்லம் 1995 இல் தொடங்கியது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா பால் கொடுக்கிறார்கள், நாங்கள் தள்ளி மேடையில் இருந்து பார்க்கலாம், தொட முடியாது, அந்த நேரம் முடிந்ததும் குட்டிகள் தங்கள் பாட்டுக்குப் போய்விடும். ஏறக்குறைய ஐந்து வயதில் காட்டில் விடுகிறார்கள், இதுவரை நூற்றுக்கு மேல் விட்டாயிற்று. என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். என்ன, யாழ்ப்பாணத்தில் இருந்து போக ஒரு முழு நாள் வேண்டும், பார்க்கக் கிடைப்பது கால் மணித்தியாலம். கதிர்காமம் போகிற ஆக்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம், இதற்காகவே மட்டும் சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக ஏலாது.

மின்னேரியாத் தேசியப் பூங்கா அப்படி இல்லை, விடிய வெளிக்கிட்டு வவுனியா, மதவாச்சி தாண்டினால் மதியச் சாப்பாட்டுக்கு ஹபரணை. காலமும் பொருந்துகிறது. யூலையில் இருந்து செப்டெம்பர் வரை குளம் வற்ற வற்றக் கரையில் இளம்புல் முளைக்கும், அதற்கு இருநூறு முந்நூறு யானைகள் கூடும், பின்னேரம்தான் நல்ல நேரம். இங்கே யானைக்குப் போக இடம் இருக்கிறது, ஆனால் ஜீப்புகள் அந்த இடத்தையும் பறித்துவிடும். போன முறை எங்கள் சாரதி மற்ற ஜீப்புகளோடு முண்டியடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவிலேயே விட்டார், பெரிய யானைகள் குட்டிகளை உள்ளே தள்ளிவிட்டுச் சுற்றி நின்றன, ஒன்று காதை விரித்துக்கொண்டு இரண்டடி முன்னுக்கு வந்தது, எங்கள் ஜீப்பில் கைதட்டல்! இந்த முறை காசு பேசும்போதே "தூர நிப்பாட்டுங்கோ, ஒரு யானையையும் கலைக்க வேண்டாம்" என்று சொல்லப் போகிறேன். இன்னொன்று, மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு அங்கிருந்து தண்ணீர் வந்து சில வருடங்களில் குளம் வற்றாமலே கிடக்கிறது, புல் இல்லை, யானையும் குறைவு. அந்தக் கிழமை யானைகள் மின்னேரியாவிலா பக்கத்துப் பூங்காவான கவுடுல்லவிலா நிற்கின்றன என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. ஹபரணையில் யானை மேல் ஏறிச் சவாரி போகலாம் என்று கூப்பிடுவார்கள். முதுகெலும்பில் மரப் பெட்டியைக் கட்டி நாலு பேரை ஏற்றுவதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

அண்ணை சொல்கிறார், ஏன் இவ்வளவு தூரம், நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டினால் போதாதா என்று. குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம், வேலியும் இல்லை, பாகனும் இல்லை, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலத்தில் வந்த மட்டக்குதிரைகளின் வழிவந்தவை வெட்டையில் தன் பாட்டுக்கு மேய்கின்றன. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. நான் யோசிப்பது ஆவணி வெயிலைத்தான். ஆறில்லாத தீவு, அந்த நேரம் கேணியும் குட்டையும் வற்றிவிடும், தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்த வருடங்கள் உண்டு. கிடக்கிற கொஞ்சத் தண்ணீரைக் குடிக்க வருகிறவற்றை நாங்கள் ஓட்டோவில் துரத்திப் படம் எடுத்தால், பின்னவலைப் பாகனைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன வாய் இருக்கிறது? எழும்பிப் போகலாம்தான், ஆனால் தண்ணீரை விட்டுவிட்டு எங்கே போவது? ஆகவே நெடுந்தீவுக்குப் போவோம், பெருக்கமரமும் கோட்டையும் பார்ப்போம், குதிரை கண்ணில் பட்டால் தூர நின்று பார்ப்போம். பிஸ்கட் கொடுப்பதில்லை, வெற்றுப் போத்தல் எல்லாம் திரும்பிப் படகேறும்.

சுண்டிக்குளத்துப் பூநாரைகளைத்தான் உண்மையில் காட்ட ஆசை, ஆனால் அவை மாரியில்தான் வரும், அண்ணைக்கு லீவு ஆவணியில்.

ஆக, யானைக்கு மின்னேரியா, ஒரு பகலுக்கு நெடுந்தீவு என்று முடிவெடுத்து அனுப்பினேன். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது, யானைக்குப் பால் பருக்க ஆசைப்பட்டவ. மூத்தவள் சந்தோசம் என்று போட்டுவிட்டு அடுத்த வரியில் ஒன்று கேட்டாள்: "சித்தப்பா, அப்பா மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி பார்க்கப் போவம் எண்டுறார், அதில மாட்டுக்கு அடிக்கிறதில்லையோ?" சின்ன வயதில் சவாரித் திடலில் நானும் அண்ணையும் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறோம், தடியடி விழ விழக் கத்தியிருக்கிறோம். அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.