லா காம்பானா புதர்க்காட்டில் ஒரு காலை: பறவை நோக்கல் சேவை பற்றிய மதிப்புரை

சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து லா காம்பானா தேசியப் பூங்காவுக்குப் பறவை நோக்குவோரை அழைத்துச் செல்லும் சிறு நிறுவனம் ஒன்றின் அரைநாள் நடையில் அக்டோபர் மாதம் கலந்துகொண்டேன். எண்ணிக்கைக்காகப் பட்டியலை நிரப்புவதில் எனக்கு நாட்டமில்லை என்றும், உள்ளூரார் கச்சுதித்தோ என்றழைக்கும் கொண்டை ஈப்பிடிப்பானை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றும் முன்பதிவின்போதே எழுதியிருந்தேன். ஆகவே, அந்த ஒரு பறவையை அவர்கள் எவ்வாறு காட்டினார்கள் என்பதை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

அனைரீட்டஸ் பருலஸ் என்பது இதன் அறிவியல் பெயர். நீளம் ஏறத்தாழ 11 செ.மீ.; எடை 6 கிராம், அதாவது நம் கணக்கில் முக்கால் சவரன். தெற்குக் கொலம்பியாவின் ஆண்டிஸ் மலைகளில் தொடங்கித் தென்கோடியான தியெர்ரா தெல் ஃபுவேகோ வரை பரவியிருப்பதால் இதை அரிய பறவை என்று சொல்ல முடியாது. 1830-இல் கிட்லிட்ஸ் இதை முதன்முதலாக விவரித்தபோது பழைய உலகத்து (ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா) ஈப்பிடிப்பான்களின் பேரினத்திலேயே சேர்த்தார். உண்மையில் இது அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரிய, 400-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட வேறொரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. கச்சுதித்தோ என்றால் குட்டிக் கொம்பன். உச்சந்தலையிலிருந்து எழுந்து முன்னோக்கி வளையும் மெல்லிய கரிய இறகுகளைப் பார்த்துவிட்டால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது.

விடியுமுன் வண்டி குறித்த நேரத்துக்கு வந்தது. ஓட்டுநரிடமும் குறை சொல்ல ஏதுமில்லை. பூங்கா நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்காது என்பதை மட்டும் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

வழிகாட்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பூங்காவின் ஒகோவா பகுதியில் இறங்கியதும் அவர் முதலில் காட்டியது பறவையை அல்ல, லித்ரே என்ற மரத்தை. சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரம் உடலில் பட்டால் பலருக்குத் தோல் சிவந்து கொப்புளித்துவிடும் என்பதால், சட்டைக் கையை இறக்கிவிட்ட பிறகே எங்களைப் பாதையில் நடக்க விட்டார். சேங்கொட்டைப் பாலின் எரிச்சலைச் சிறுவயதில் அனுபவித்தவன் என்ற முறையில் இந்த ஒரு எச்சரிக்கைக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

அரைமணி நேரம் நடந்த பின், முள் நிறைந்த எஸ்பினோ புதர் ஒன்றின் முன் கையை உயர்த்தி அனைவரையும் நிறுத்தினார். எனக்குப் பூச்சியின் சத்தம் போலக் கேட்ட மெல்லிய அதிரொலியை அவர் காது பிரித்தறிந்திருந்தது. ‘இடப்பக்கத்துக் கிளை, காய்ந்த காய்க்கு ஒரு சாண் கீழே’ என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்ன இடத்தில் பைனாகுலரைத் திருப்பியதும், பால்வெண்மையான கண் ஒன்று நேராக என்னைப் பார்த்தது. சாம்பல் முதுகு, கரிய கீற்றுகள் ஓடும் மார்பு, வெளிர்மஞ்சள் வயிறு, இறக்கையில் இரண்டு வெண்பட்டைகள். இலையின் அடிப்புறத்திலிருந்து பச்சைப் புழு ஒன்றை இழுத்துக் கிளையில் இருமுறை அடித்து விழுங்கியது. காற்று வீசியபோது கொண்டை இரண்டாகப் பிரிந்து உண்மையாகவே கொம்புகளைப் போல நின்றது. சற்று நேரத்தில் இணைப்பறவையும் வந்து சேர்ந்தது. மற்றவர்கள் தென்கா, துர்கா என்று அடுத்த பறவைகளுக்கு அவசரப்பட்டபோதும், என் வேண்டுகோளை நினைவில் வைத்து அவர் அங்கேயே நாற்பது நிமிடங்கள் நின்றார்.

குறையும் அந்த நாற்பது நிமிடங்களுக்குள்தான் நேர்ந்தது. பறவைகள் புதருக்குள் மறைந்த ஒவ்வொரு முறையும் சிறிய ஒலிபெருக்கியில் அவற்றின் குரலைப் போட்டு வெளியே வரவழைத்தார். நான் எண்ணிய அளவில் ஐந்து முறை. அக்டோபர் அங்கே வசந்தகாலம், இவை கிண்ணம் போன்ற சிறு கூட்டைக் கட்டி உள்ளே இறகுகளை மெத்தையாக்கும் பருவம். தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை நுழைந்துவிட்டதென்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு, முக்கால் சவரன் எடையுள்ள உயிர் ஒன்று கொண்டையைச் சிலிர்த்தபடி கிளைக்குக் கிளை தாவியதைப் பார்த்தபோது, படம் எடுக்க மனம் வரவில்லை. இத்தனை கூர்மையான காது உள்ளவருக்கு அந்தக் கருவி எதற்கு?

கருவிகளைப் பொறுத்தவரை, இரவல் கேட்டவர்களுக்குக் கொடுத்த இரண்டு பைனாகுலர்களில் ஒன்று உருவத்தை இரண்டாகக் காட்டியது. முக்காலியோடு சுமந்து வந்த தொலைநோக்கி, வானில் வட்டமிடும் கழுகுக்கு உதவலாம்; இரண்டு நொடிகூட ஓரிடத்தில் உட்காராத இந்தப் பறவைக்குச் சற்றும் பயன்படவில்லை. இதைக் காண விரும்புவோர், அருகிலுள்ளவற்றையும் தெளிவாகக் காட்டும் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) பைனாகுலரைச் சொந்தமாகக் கொண்டுசெல்வது நல்லது. எட்டுப் பேர் கொண்ட குழு என்பதும் ஒற்றையடிப் பாதைக்கு மிக அதிகம். பின்னால் நின்ற இருவர் கடைசிவரை கொண்டையைப் பார்க்கவே இல்லை. நான்கு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று உறுதியளித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள்.

பறவை நோக்குவோர் தாம் கண்டவற்றைப் பதியும் இணையத்தளமான ஈபேர்டில் வழிகாட்டி பதிந்த பட்டியல் அன்று மாலையே கைபேசிக்கு வந்துவிட்டது. கச்சுதித்தோ 2 என்பதற்கு எதிரே, கூட்டுக்கான பொருளைச் சுமந்து செல்கிறது என்று வழிகாட்டியே குறித்திருந்தார். அந்தக் குறிப்பைச் சுட்டிக்காட்டி ஒலிபெருக்கியைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதினேன். கூடு கட்டும் மாதங்களில் அதைத் தவிர்ப்பதாக ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது.