பொம்பெயியா, ஹெர்குலேனியமா? நேப்பிள்ஸில் ஒரே ஒரு நாள் கையில் இருந்தால்

இத்தாலியின் நேப்பிள்ஸில் தங்குகிறவர்கள் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் அநேகமாக பொம்பெயிக்குத்தான் ரயில் ஏறுகிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர். நானும் முதல் தடவை அங்கேதான் போனேன். இப்போது யாராவது கேட்டால், முதலில் ஹெர்குலேனியம் போங்கள் என்கிறேன்.

இரண்டும் பழைய ரோமானிய ஊர்கள். இரண்டையும் புதைத்தது ஒரே வெசுவியஸ் எரிமலைதான், கி.பி. 79இல். ஆனால் புதைத்த விதம் வேறு. பொம்பெயியின் மேல் மணிக்கணக்கில் நுரைக்கல் கொட்டியது. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து விழுந்தன. ஹெர்குலேனியத்தில் கல்மழை குறைவு. பிறகுதான் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலையிலிருந்து அலை அலையாகப் பாய்ந்து, ஊரையே சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு மூடிவிட்டன. அந்தச் சூட்டில் மரம் சாம்பலாகவில்லை, கரியாகி நின்றுவிட்டது.

அதனால்தான் ஹெர்குலேனியத்தில் மாடி வீடுகளை மாடியோடு பார்க்க முடிகிறது. உத்திரம் இருக்கிறது, கதவு நிலை இருக்கிறது. ஒரு வீட்டில் கூடத்தை மறைக்கும் மரத் தட்டி, கரியாகி, இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. ஒரு கடையில் ஜாடிகளை அடுக்கிவைக்கும் மரச் சட்டம் கூட மிச்சம். கடற்கரையாக இருந்த இடத்தில் வளைவு வளைவாகப் படகுக் கொட்டடிகள். 1980களில் அங்கே தோண்டும்வரை ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்கள். உள்ளே சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடந்தன. இன்று அங்கே வைத்திருப்பவை வார்ப்புகள்தான். இருந்தாலும் அந்த இடத்தில் என்னுடன் வந்திருந்த அம்மா வெகுநேரம் பேசவே இல்லை.

இடமும் சின்னது. மூன்று மணி நேரம் போதும். வயதானவர்களை அழைத்துப் போனால் இது பெரிய விஷயம்.

சரி, பொம்பெயியில் மட்டும் என்ன கிடைக்கும்? ஒரு முழு நகரம். மதிலுக்குள் 66 ஹெக்டேர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவே இல்லை. தெருவைக் கடக்கப் போட்ட மேடைக் கற்கள், அவற்றுக்கு நடுவே வண்டிச் சக்கரம் தேய்த்த தடம், சாப்பாட்டுக் கடைகளின் திண்ணைகளில் பதித்த பானைகள். சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போன வெற்றிடத்தில் 1863இல் தொல்லியலாளர் ஃபியொரெல்லி சாந்து ஊற்றி எடுக்கத் தொடங்கிய மனித உருவங்கள் இந்த ஊரைத் தவிர வேறெங்கும் இந்த அளவுக்குக் கிடையாது. ஆனால் நிழல் கிடையாது, கல் பாவிய தெரு காலைப் பதம் பார்க்கும், கூட்டமும் அதிகம். 2024 நவம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பொம்பெயியில் எனக்கு உறுத்தியது இன்னொன்று. சுவர்கள் பல இடங்களில் வெறுமையாக இருக்கின்றன. நல்ல ஓவியங்களையும் தரைச் சித்திரங்களையும் பெயர்த்து நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஃபான் வீடு என்ற மாளிகையின் தரையில் நீங்கள் பார்க்கும் அலெக்சாண்டர் போர்க் காட்சி வெறும் நகல். ஆக, அருங்காட்சியகத்தைப் பார்க்காத பொம்பெயி பாதிதான். ஹெர்குலேனியத்துக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை.

அந்த அருங்காட்சியகத்தில் நம்மூர்க்காரர்கள் தேடிப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: 1938இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்த, ஒரு சாண் உயரத்துக்குச் சற்று கூடுதலான தந்தச் சிலை. இந்தியாவில் செய்தது. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். யட்சியாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயத்தை இந்தியா உறிஞ்சுகிறது, வெறும் காரத்துக்காக மிளகை அங்கிருந்து வாங்குகிறோம் என்று குறைபட்ட ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இதே வெடிப்பில் பக்கத்துக் கரையான ஸ்டேபியேயில்தான் இறந்தார். முசிறியும் அரிக்கமேடும் நினைவுக்கு வராமல் அந்தச் சிலை முன்னால் நிற்க முடியவில்லை.

ஒரே நாள்தான் என்றால் காலையில் ஹெர்குலேனியம், மதியம் அருங்காட்சியகம். இரண்டு நாள் இருந்தால் பொம்பெயிக்கு முதல் நாளை முழுதாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே சிர்கும்வெசுவியானா ரயில்தான். ஹெர்குலேனியத்துக்கு இறங்க வேண்டிய எர்கொலானோ ஸ்காவி நிலையம் முதலில் வரும். அப்புறம், அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.