பைத்தானிலிருந்து சி ஃபங்ஷனை அழைக்க: சிடைப்ஸா, சிஎஃப்எஃப்ஐயா?

லினக்ஸ் சர்வரில் யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று காட்ட பைத்தானில் ஒரு சிறு கருவி எழுதினேன். அந்த விவரத்தைத் தருவது சி நூலகத்தின் கெட்யூடிஎக்ஸ்என்ட் (getutxent) என்ற ஃபங்ஷன். பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் கருவிகள்தான் சிடைப்ஸும் (ctypes) சிஎஃப்எஃப்ஐயும் (CFFI). முதலில் சிடைப்ஸில் எழுதினேன். இப்போது சிஎஃப்எஃப்ஐக்கு மாறிவிட்டேன்.

சிடைப்ஸ் 2.5 பதிப்பிலிருந்தே பைத்தானோடு வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஃபங்ஷன் திருப்பித் தருவது என்ன வகை என்று சொல்லாவிட்டால் அதை இன்ட் (32 பிட் முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் பாயின்டரின் (நினைவக முகவரியின்) மேல் பாதி வெட்டுப்பட்டு நிரல் விழலாம். திருப்பித் தரும் வகையைச் சொல்லும் ரெஸ்டைப்பை (restype) எழுதிவிட்டால் சரி. சி ஃபங்ஷனின் பிழை எண்ணான எர்நோவைப் (errno) படிக்க இரண்டிலும் வழி இருக்கிறது.

என்னை மாற வைத்தது ஸ்ட்ரக்ட்தான், அதாவது பல புலங்களை ஒன்றாக அடுக்கி வைக்கும் சி தரவு அமைப்பு. சிடைப்ஸில் அதன் ஒவ்வொரு புலத்தையும் ஹெடரை (சி அறிவிப்புகள் உள்ள கோப்பை) பார்த்து நாமே எழுத வேண்டும், சரிபார்க்க யாரும் இல்லை. என் எக்ஸ்86-64 கணினியில் கெட்யூடிஎக்ஸ்என்ட் தரும் யூடிஎம்பிஎக்ஸ் (utmpx) ஸ்ட்ரக்ட் 384 பைட். அதே நிரலை ஏஆர்எம் 64 சர்வரில் ஓட்டினேன். பெயர்கள் சரியாக வந்தன, லாகின் நேரம் மட்டும் எல்லாருக்கும் 1970 ஜனவரி 1, காலை 5.30! அங்கே அந்த ஸ்ட்ரக்ட் 400 பைட். செஷன் எண் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் எடுத்துக்கொள்வதால் அதற்குப் பின்னால் இருக்கும் நேரம் தள்ளிப் போயிருந்தது. நான் படித்தது செஷன் எண்ணின் மேல் பாதியை, அதாவது பூஜ்யத்தை; லினக்ஸ் நேரக் கணக்கில் பூஜ்யம் என்றால் இந்திய நேரப்படி அந்த 1970 காலைதான். பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. விழுந்திருந்தாலாவது அன்றே தெரிந்திருக்கும்.

சிஎஃப்எஃப்ஐயின் ஏபிஐ முறையில், அதாவது கம்பைலரோடு வேலை செய்யும் முறையில், உண்மையான ஹெடரைக் கம்பைலரே படிக்கிறது. வேண்டிய புலங்களை மட்டும் எழுதி மூன்று புள்ளி வைத்தால், அவை எங்கே இருக்கின்றன, ஸ்ட்ரக்டின் மொத்த அளவு என்ன என்பதை அது கணக்கிட்டுக்கொள்ளும். நாம் எழுதிய அளவு தவறானால் பிழை காட்டும். நேரத்துக்கு நான் இன்னும் எளிதாக, விநாடியை லாங் லாங்காக (64 பிட் முழு எண்ணாக) திருப்பித் தரும் ஒருவரி சி ஃபங்ஷனைச் சேர்த்துவிட்டேன். இரண்டு இயந்திரத்திலும் நேரம் சரியாக வருகிறது.

இதற்கு விலை உண்டு. கம்பைலரும் பைத்தான் ஹெடர்களும் வேண்டும். ஒவ்வொரு இயந்திர வகைக்கும் தனியாக பில்ட் செய்ய வேண்டும். ஸ்ட்ரக்டே இல்லாத ஒன்றிரண்டு ஃபங்ஷன்களுக்கு என்றால் இன்றும் சிடைப்ஸையே எடுப்பேன். விண்டோஸில் இரண்டையும் பெரிதாகப் புழங்கியதில்லை, அதனால் இது லினக்ஸுக்கு மட்டும்.

அப்புறம் ஒன்று. கெட்யூடிஎக்ஸ்என்ட் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பித் தரலாம். அடுத்த அழைப்புக்கு முன் பெயரையும் நேரத்தையும் பைத்தான் மதிப்புகளாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டில் எதுவும் நமக்காகச் செய்யாது.