கேட்காமலே படிவம் நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர்கள்: எதை வைத்துக்கொள்ளலாம்?

ஒரு சிறிய நிறுவனத்தின் ஊழியர் விவரப் பக்கம். யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி எண்ணை மாற்றத்தான் நிர்வாகி அதைத் திறக்கிறார். பக்கத்தின் அடியில் பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் இரண்டு பெட்டிகள். பக்கம் திறந்த கையோடு குரோம் அவற்றில் நிர்வாகியின் சொந்த விவரங்களைப் போட்டுவிடுகிறது. வெறும் புள்ளிகள்தானே, கண்ணில் படுவதில்லை. 'சேமி' அழுத்தியதும் அந்த ஊழியரின் கடவுச்சொல் நிர்வாகியுடையதாகிவிடுகிறது. மறுநாள் காலை அந்த ஊழியரால் உள்ளே நுழைய முடியாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர்களை விலையையும் பூட்டின் வலிமையையும் வைத்தே பலர் ஒப்பிடுகிறார்கள். அன்றாடம் படிவம் நிரப்புபவர் பார்க்க வேண்டியது வேறு: அது எந்த நொடியில் பெட்டியைத் தொடுகிறது? பக்கம் திறந்ததுமே தொடுவது ஒரு வகை. பெட்டிக்குக் கீழே பட்டியல் காட்டிவிட்டுக் காத்திருப்பது இன்னொரு வகை. சொன்னால் மட்டும் தொடுவது மூன்றாவது. தொல்லையெல்லாம் பெரும்பாலும் முதல் வகையிலிருந்துதான் வருகிறது.

அந்த முதல் வகைதான் குரோமில் உள்ளமைந்த மேனேஜர். காசு கிடையாது, எதையும் நிறுவத் தேவையில்லை, ஆண்ட்ராய்டோடும் ஒத்துப்போகும். ஆனால் பக்கத்தை எழுதியவர் 'இங்கே நிரப்பாதே' என்று குறித்திருந்தாலும், கடவுச்சொல் பெட்டிகளில் குரோம் அதைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. பயனர் பெயர் எதுவென்று தெளிவான குறிப்பு இல்லாவிட்டால், கடவுச்சொல்லுக்கு நேர் முன்னால் இருக்கும் எழுத்துப் பெட்டியையே பயனர் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நம் சிங்கப்பூர்ப் பதிவுப் படிவங்களில் அந்த இடத்தில் பல சமயம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கும். அடுத்த முறை உள்நுழையப் போனால், மின்னஞ்சல் கேட்கும் பெட்டியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் அஞ்சல் குறியீடு உட்கார்ந்திருக்கும். சேமித்த பதிவைத் திறந்து பயனர் பெயரைக் கையால் மாற்றினால் சரியாகிவிடும். அழித்துவிட்டு அதே பதிவுப் படிவத்திலிருந்து புதிதாகச் சேமித்தால் அதே தவறு திரும்ப வரலாம்.

இன்னொரு விசித்திரம்: பக்கம் திறக்கும்போதே குரோம் நிரப்பும் கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் பக்கத்தில் எங்காவது சொடுக்கும்வரை அதன் மதிப்பைப் பக்கத்தின் நிரலிடம் குரோம் கொடுக்காது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. 'எல்லாம் நிரம்பியிருக்கு, பட்டன் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடக்குதே' என்பவர்கள் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கிப் பார்க்கலாம்.

பெயர்ப் பெட்டிகளில் நடக்கும் குழப்பத்துக்கு மட்டும் பாஸ்வேர்ட் மேனேஜரைத் திட்டாதீர்கள். அது குரோமின் முகவரி நிரப்பியின் வேலை. குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயரை அதனிடம் கொடுத்தால் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக்கிவிடும். 'எஸ்/ஓ' (மகன்), 'டி/ஓ' (மகள்) இருக்கும் பெயர்களில் அப்பா பெயர் தனிப் பெட்டிக்குப் போய்விடும், சாய்கோடு நடுவில் தொங்கும். விமானப் பயணச்சீட்டு எடுக்கும் படிவத்தில் இது விளையாட்டல்ல. கடவுச்சீட்டில் உள்ளபடி கையால் அடிப்பதே நல்லது. அமைப்புகளில் முகவரி சேமித்து நிரப்புவதை அணைத்துவிடலாம். அதற்கும் கடவுச்சொல் நிரப்புவதற்கும் தனித்தனிச் சுவிட்ச்.

உலாவியில் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) சேர்த்துக்கொள்ளும் பிட்வார்டன் என்ற மேனேஜரில் பக்கம் திறக்கும்போதே நிரப்பும் வசதி இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதைத் தொட வேண்டாம். பெட்டிக்குக் கீழே விரியும் பட்டியலையும் நீட்சியின் அமைப்புகளில் 'ஆட்டோஃபில்' பகுதிக்குப் போய் அணைத்துவிட்டால், பிட்வார்டன் முழுக்க மூன்றாவது வகையாகிவிடும். அதன்பின் கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துவது போல நீங்களாகக் கேட்டால்தான் நிரப்பும். பட்டியலை அணைக்க இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்துக்குள் மேனேஜர்கள் வரையும் இத்தகைய பட்டியல்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி, பயனரையே அறியாமல் சொடுக்க வைக்கும் தாக்குதல் 2025 ஆகஸ்டில் டெஃப் கான் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் காட்டப்பட்டது. பிரபலமான பல நீட்சிகள் அதில் சிக்கின. நீட்சியைப் புதிய பதிப்பில் வைத்திருங்கள்.

மூன்று பெட்டி கேட்கும் பக்கங்களில் பிட்வார்டன் கைகொடுக்கும். சம்பளச் சீட்டுத் தளங்கள் பல, நிறுவனக் குறியீடு, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் கேட்கும்; மேனேஜர்கள் பெரும்பாலும் முதல் பெட்டியைக் காலியாக விட்டுவிடும். அந்தக் காலிப் பெட்டியில் வலது சொடுக்கி, பிட்வார்டன் பட்டியலில் தனிப்பயன் புலத்தின் பெயரை நகலெடுக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தப் பதிவைத் திருத்தப் போய், எழுத்து வகைப் புலம் ஒன்றைச் சேர்த்து, நகலெடுத்ததைப் புலத்தின் பெயராகவும் நிறுவனக் குறியீட்டை அதன் மதிப்பாகவும் ஒட்டுங்கள். அடுத்த முறை மூன்றும் ஒரே அழுத்தில் நிரம்பும். தளம் புதுப்பிக்கப்பட்டுப் பெட்டியின் உள்பெயர் மாறினால் மட்டும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பிட்வார்டனின் குறை முகவரிப் பொருத்தத்தில். ஒரு கல்வி நிறுவனத்தின் மின்னஞ்சல், நூலகம், பாடத்தளம் மூன்றும் ஒரே தாய்முகவரிக்குக் கீழே இருந்தால், எங்கே போனாலும் மூன்று பதிவையும் காட்டும். விசைகளை அழுத்தும்போது தவறானது போய் விழ வாய்ப்புண்டு. ஒவ்வொரு பதிவிலும் பொருத்த முறையை 'ஹோஸ்ட்' (தாய்முகவரி மட்டுமல்ல, தளத்தின் முழுப் பெயரும் பொருந்த வேண்டும்) என்று மாற்றினால் தீரும்.

ஒன்பாஸ்வேர்ட் இரண்டாம் வகை. நீங்கள் தேர்ந்தெடுக்காமல் அது எதையும் நிரப்பாது. பட்டியலும் நேர்த்தியாக இருக்கும், ஆனால் தேடல் பெட்டி, தள்ளுபடிக் குறியீட்டுப் பெட்டி என்று சம்பந்தமில்லாத இடங்களிலும் எட்டிப்பார்க்கும். அந்தப் பக்கத்தில் மட்டும் மறைக்கச் சொல்லலாம். குறிப்பிட்ட தளத்தில் நிரப்பவே கூடாது என்றும் பதிவிலேயே குறிக்கலாம். இலவசத் திட்டம் கிடையாது, சோதனைக் காலம் மட்டும்தான்.

வீட்டில் எல்லாரும் ஐபோன் வைத்திருந்தால் ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் செயலி போதும். 2024ல் ஐஓஎஸ் 18 உடன் தனிச் செயலியாக வந்தது; முகத்தையோ விரலையோ காட்டிய பிறகுதான் நிரப்பும். ஆண்ட்ராய்டுக்கு வராது. ஐபோனில் பலர் செய்யும் தவறு, ஆப்பிளையும் பிட்வார்டனையும் ஒருசேர இயக்கி வைப்பது. விசைப்பலகைக்கு மேலே இரண்டின் பரிந்துரைகளும் கலந்து வரும், அவற்றில் பழைய கடவுச்சொல் ஒன்றும் ஒளிந்திருக்கும். அமைப்புகளில் பொது, அதற்குள் ஆட்டோஃபில் பகுதிக்குப் போய் ஒன்றை அணையுங்கள்.

எதற்கும் மசியாத பக்கங்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. அதன் 'ஆட்டோ-டைப்' வசதி பெட்டியில் மதிப்பைத் திணிப்பதில்லை, விசைப்பலகையில் நீங்கள் அடிப்பது போலவே ஒவ்வோர் எழுத்தாக அடிக்கும். அதனால் 'இந்தப் புலம் காலியாக உள்ளது' என்று பக்கம் முரண்டு பிடிக்காது. ஆனால் பதிவைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தினால், கடைசியாகத் திறந்திருந்த சாளரத்தில் போய் அடிக்கும். அது வாட்ஸ்அப் உரையாடலாக இருந்தால் கடவுச்சொல் சொந்தக்காரர்கள் குழுவுக்குப் போய்விடும். இறுதியில் என்டரையும் அதுவே அழுத்திவிடும்.

மத்திய சேம நிதி, வீவக, வருமான வரி போன்ற அரசுத் தளங்களில் இந்தச் சண்டை பெரிதாக இல்லை. அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் செயலியால் கியூஆர் குறியீட்டை வருடினால் போதும். அரசிடம் உள்ள உங்கள் விவரங்களைப் படிவத்தில் நிரப்பும் மைஇன்ஃபோ கொண்டுவருவனவற்றில் திருத்தக்கூடியதாக விடப்பட்ட பெட்டிகளை மட்டும், உலாவி மேலெழுதியிருக்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன் பாருங்கள். எட்டு இலக்கம் மட்டும் ஏற்கும் தொலைபேசிப் பெட்டியில் +65 சேர்ந்து விழுவது அடிக்கடி நடக்கும்.

இப்போது தொல்லை தருவது யார் என்று தெரியவில்லையா? குரோமின் நீட்சிகள் பக்கத்தில் மேனேஜரின் நீட்சியைச் சற்று நேரம் அணைத்துவிட்டு, தொல்லை தந்த பக்கத்தைப் புதிதாகத் திறந்து பாருங்கள். அப்போது நீட்சி இயங்காது, குரோமின் சொந்த மேனேஜர் மட்டும் இயங்கும். தொல்லை அப்போதும் தொடர்ந்தால் குரோம்தான் காரணம், நின்றுவிட்டால் நீட்சி.