ஆறு கோடைகள் ஓட்டிய 1967 போன்டியாக் ஜி.டி.ஓ. கன்வெர்டிபிள்

மிச்சிகனில் எங்கள் வீட்டுக் கராஜில் நிற்கும் 1967ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ. கன்வெர்டிபிளை (கூரையைத் திறந்து மூடக்கூடிய கார்), ஆறு கோடைகளும் ஏறத்தாழ 9,000 மைல்களும் ஓட்டிய பிறகு, இப்போது விற்கத் தீர்மானித்திருக்கிறேன். ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்ற விளம்பரத்தை நம்பி இதை வாங்கியவன் நான். அந்தச் சொற்களுக்குள் எவ்வளவு வேலை செய்யப்பட்டிருந்தது, எவ்வளவு செய்யப்படாமல் மூடி மறைக்கப்பட்டிருந்தது என்பது ஓட்ட ஓட்டத்தான் தெரிந்தது. பெரிய என்ஜின் பொருத்திய இத்தகைய ‘மஸில்’ கார்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினைப் பொருத்தக் கூடாது என்று போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த விதியைத் தாண்டுவதற்காக, போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 389 கன அங்குல வி8 என்ஜினை டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் தொகுப்பாக 1964ஆம் ஆண்டு மாடலில் கொண்டுவந்தார்கள். ஜி.டி.ஓ. பிறந்தது அப்படித்தான். அதனால் 1964, 1965 வண்டிகளில் தொழிற்சாலை பொறித்த வண்டி எண்ணை மட்டும் பார்த்து, அது அசலா, பின்னாளில் மாற்றப்பட்ட லெமான்ஸா என்று சொல்லிவிட முடியாது. 1966இல் ஜி.டி.ஓ. தனி மாடலானதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. எங்கள் வண்டியின் எண்ணில் முதலில் வரும் 242 ஜி.டி.ஓ.வையும், 67 கன்வெர்டிபிளையும், அடுத்த 7 ஆண்டையும், அதன்பின் வரும் ‘பி’ என்ற எழுத்து போன்டியாக் நகரத் தொழிற்சாலையையும் குறிக்கின்றன. அந்த ஆண்டு உருவான 81,722 ஜி.டி.ஓ.க்களில் கன்வெர்டிபிள்கள் 9,517 மட்டுமே. ஆகவே வாங்கிய மாதமே பழைய போன்டியாக் கார்களின் தொழிற்சாலைப் பதிவுகளை வழங்கும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு எழுதி, தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகலை வரவழைத்தேன். நிறம், கியர்பாக்ஸ், கன்சோல் எல்லாம் பொருந்தின. என்ஜினைத் தனியே பார்க்க வேண்டியிருந்தது. போன்டியாக் வி8 என்ஜின்கள் 326 கன அங்குலமானாலும் 400 ஆனாலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பவை. பிளாக்கின் முன்பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ள ‘ஒய்.எஸ்.’ என்ற குறியீட்டைக் கண்ட பிறகுதான், இது தானியங்கிக் கியர்பாக்ஸோடு வந்த 335 குதிரைத்திறன் கொண்ட 400 கன அங்குல என்ஜின் வகைதான் என்று நிம்மதியடைந்தேன்.

அந்த 335 என்பது, சைலன்ஸர் முதலான துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு என்ஜினை மட்டும் நிறுத்தி அளக்கும் அக்கால வழக்கப்படியான எண். இன்றைய கார்களின் எண்ணோடு அதை நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் குறைந்த சுழற்சியிலேயே எழும் இழுவிசை, இன்றும் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதிக்கும்போதே முதுகை இருக்கையோடு அழுத்துகிறது. ஹர்ஸ்ட் நிறுவனத்தின் இரட்டைவழிக் கியர் மாற்றி எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு: ஒரு பள்ளத்தில் வைத்தால் சாதாரணத் தானியங்கி, மற்றொன்றில் தள்ளினால் ஒவ்வொரு கியரையும் நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் ஆகஸ்ட் மாதத்திலேயே பிரச்சினை தொடங்கியது. டெட்ராய்ட்டிலிருந்து போன்டியாக் நகரம் வரை செல்லும் உட்வர்ட் அவென்யூவில் ஆண்டுதோறும் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் ஊர்வலத்தில், வண்டிகள் நகராமல் நின்றபோது வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போனது. ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர்கள் பலர். உண்மையில், புதுப்பித்தவர் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய உறையைத் திரும்ப மாட்டவேயில்லை. அது இல்லாவிட்டால், நிற்கும் வண்டியில் விசிறி ரேடியேட்டரின் வழியே காற்றை இழுக்காமல், பக்கங்களிலிருந்து இழுத்துச் சுழற்றிக்கொண்டிருக்கும். உறையைத் தேடி வாங்கிப் பொருத்திய நாளிலிருந்து இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் ஆண்டில் வந்தது பெரிய ஏமாற்றம். இடது பின்சக்கரத்துக்குப் பின்னால், பெயின்டில் கடுகளவு கொப்புளங்கள் தோன்றின. சுரண்டிப் பார்த்தபோது விரல் தடிமனுக்குப் பட்டியும் (பள்ளத்தை நிரப்பும் பூச்சு), அதன் கீழே துருவை வெட்டியெடுக்காமல் அதன்மேலேயே ரிவெட் அடித்த தகடும் இருந்தன. கண்ணாடிபோல் மின்னிய பெயின்டுக்கு அடியில் இதைச் செய்தவர்மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. துருப்பிடித்த பகுதியை முழுவதும் அறுத்தெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்து முடிக்க ஒரு குளிர்காலமே பிடித்தது. அதே நேரத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சேசிஸையும் சோதித்தோம். கூரையின் பலம் இல்லாத கன்வெர்டிபிள்களுக்காக அக்காலத்திலேயே பெட்டிபோல் மூடிய பக்கச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. அவை அரித்துப் போயிருந்தால் வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறும். எங்கள் வண்டியில் மாறவில்லை. அது மாறியிருந்தால் அன்றே விற்றிருப்பேன்.

கூரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள மின்பம்பும் இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்களும் அதை ஏற்றி இறக்குகின்றன. சிலிண்டர்கள் ஒருமுறை ஒழுகியதால் இரண்டையும் மாற்றிவிட்டேன். கனமழையில் பக்கக் கண்ணாடிகளின் மேல்விளிம்பில் சில துளிகள் உள்ளே வரும்.

பிரேக்குகள் குறித்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கோடு வந்த வண்டி இது. முன்சக்கர டிஸ்க் அந்த ஆண்டு விருப்பத் தேர்வாகக் கிடைத்தது என்பதால், அதே வகை உறுப்புகளைத் தேடிப் பொருத்தினேன். பழைய டிரம்கள் பெட்டியில் பத்திரமாக உள்ளன. இருப்பினும் இடுப்புப் பட்டை மட்டுமே உள்ள வண்டி என்பதை மறக்காமல், முன்னால் செல்லும் காருக்கும் நமக்கும் நல்ல இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும். என் மகளுக்கு இதை ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முதல் பாடம் அதுதான்.

எரிபொருள் கேலனுக்கு 11, 12 மைலுக்குமேல் கொடுத்ததில்லை. உயர் அமுக்க என்ஜினாதலால் பிரீமியம் பெட்ரோலே ஊற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும் என்பதால் அவை அனைத்தையும் மாற்றினேன். என்ஜினின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேயாமலிருக்கத் துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள என்ஜின் ஆயிலையே ஊற்றிவருகிறேன்.

பார்க்க வருபவர் காலையில் வரட்டும். என்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க மாட்டேன், குளிர்ந்த நிலையில் அது எப்படிப் பற்றுகிறது என்பதை அவரே கேட்க வேண்டும். ஒரு காந்தத்தையும் கொண்டுவந்து தகடு முழுவதும் வைத்துப் பார்க்கட்டும்; தடித்த பட்டி இருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. இடது பின்பக்கத்தை அறுத்தபோது எடுத்த புகைப்படங்கள், விலைப்பட்டியல் நகலோடு ஒரே கோப்பில் இருக்கின்றன.