திரைவாசிப்பானும் குரல்தட்டச்சும்: எந்த ஜோடி ஒத்துப்போகிறது?

குரல்தட்டச்சு மென்பொருள்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடும்: நூறு சொல் பேசினால் எத்தனை சரியாக விழுகிறது? பார்வையுள்ளவருக்கு அது போதும். பிழை விழுந்தால் கண் பார்த்துவிடும். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானை நம்பி வேலை செய்கிறவருக்கு வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் பேசும்போது திரைவாசிப்பான் சும்மா இருக்குமா? பேசி முடித்ததும் என்ன விழுந்தது என்று சொல்லுமா? தவறு என்றால் அந்த இடத்துக்குப் போய்த் திருத்துவது எவ்வளவு சுலபம்? துல்லியம் இப்போது எல்லா மென்பொருளிலும் ஓரளவு வந்துவிட்டது. அதனால் இந்த அலசலில் அதைக் கடைசி வரிசையில்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

மென்பொருளுக்குப் போவதற்கு முன் மைக் விஷயத்தை முடித்துவிடலாம். ஒன்று பேசுகிறது, இன்னொன்று கேட்கிறது. இரண்டும் ஒரே கணினிக்குள். ஸ்பீக்கரில் திரைவாசிப்பானை ஓடவிட்டு மைக்கைத் திறந்தால், அது "எடிட் மல்டிலைன்" என்று அறிவிப்பதுகூட உங்கள் கடிதத்தின் முதல் வரியாக வந்து விழும். அதைத் திரைவாசிப்பான் திரும்பப் படிக்க, அதுவும் மைக்கில் போக, கொஞ்ச நேரத்தில் இரண்டும் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். ஆகவே ஹெட்செட் கட்டாயம்.

அதிலும் புளூடூத்தா, கம்பியா என்றால் நான் கம்பி பக்கம், குறிப்பாக யூஎஸ்பி பக்கம். காரணம் இருக்கிறது. வழக்கமான புளூடூத் ஹெட்செட் பாட்டுக் கேட்கும்போது ஒரு முறையில் இயங்கும். மைக் திறந்த உடனே தொலைபேசிப் பேச்சுக்கான வேறொரு முறைக்கு மாறிவிடும். அந்த நொடியில் திரைவாசிப்பானின் குரல் பழைய டெலிபோன் குரல் மாதிரி மங்கும். வேகமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது பெரிய தொல்லை. மாறுவதற்கு ஆகும் சிறு தாமதத்தில் நீங்கள் பேசிய முதல் சொல் விழுங்கப்படுவதும் உண்டு. எலும்புவழி ஹெட்செட் காதை அடைக்காது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது புளூடூத் வகையாக இருந்தால் இதே சிக்கல் அதற்கும் உண்டு.

கைபேசியில்

மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் அதிகம் யோசித்து விடை சொல்லியிருப்பது ஐபோன் என்பது என் கருத்து. ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸோடு வந்தது. பேசி எழுதும் வசதி 2011இல் 4எஸ்ஸோடு வந்தது. இரண்டும் ஒரே கையசைவில் சந்திக்கின்றன. எழுதும் கட்டத்தில் நின்றுகொண்டு இரண்டு விரலால் இருமுறை தட்டினால் மைக் திறக்கும், வாய்ஸ்ஓவர் அடங்கிவிடும். பேசி முடித்து மறுபடி அதே தட்டு. மைக் மூடும், விழுந்ததை வாய்ஸ்ஓவர் படிக்கும். மைக் பொத்தான் திரையில் எங்கே இருக்கிறது என்று தடவித் தேட வேண்டியதில்லை. தேடும்போது வாய்ஸ்ஓவர் பேசுவதும் எழுத்துக்குள் நுழையாது.

ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானும் ஜிபோர்ட் என்ற கூகுள் விசைப்பலகையும் சேர்ந்த ஜோடி. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதுதான் பழகிய வழி. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழையும் சேர்த்து எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல்தட்டச்சைக் கொடுத்தபோது பலரின் பழக்கமே மாறியது. ஜிபோர்டில் மைக் பொத்தானைத் தேடிப் பிடிக்கும் வேலை இருக்கிறது. விசைப்பலகையின் மேல்வரிசையில் வலது ஓரத்தைத் தடவினால் பெரும்பாலும் கிடைக்கும். பழகிவிட்டால் விரல் தானாகப் போகும். இன்னொன்று, கொஞ்சம் யோசிக்க நிறுத்தினால் அது மைக்கை மூடிவிடும். மூடிவிட்டது தெரியாமல் இரண்டு வாக்கியம் காற்றோடு பேசுவது இந்த ஜோடியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பழக்கமான ஒன்று. மைக் திறக்கும்போதும் மூடும்போதும் வரும் ஒலியைக் காதில் வாங்கிக்கொள்ளப் பழகினால் இது பாதியாகக் குறையும்.

திருத்தம் என்று வந்தால் இரண்டு கைபேசிகளுமே சறுக்கும். தொடுதிரையில் ஒரு சொல்லின் நடுவில் இருக்கும் ஓர் எழுத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பொறுமை போய்விடும். வாட்ஸ்அப் செய்திக்குக் கைபேசி சரி. நீளமான எழுத்துக்குச் சரிப்படாது.

விண்டோஸில்

விண்டோஸ் கீயோடு எச் அழுத்தினால் குரல்தட்டச்சு திறக்கும். தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், காசும் இல்லை. இணையம் வேண்டும். என்விடிஏ என்ற விண்டோஸ் திரைவாசிப்பானும் இலவசம் என்பதால் செலவே இல்லாத ஜோடி இதுதான்.

ஆனால் இங்கேதான் இரண்டாம் கேள்வி கடிக்கிறது. தட்டும் எழுத்தையும் சொல்லையும் சொல்லிக் காட்டும் அமைப்பு என்விடிஏவில் இருக்கிறது. என்விடிஏ கீயோடு (வழக்கமாக இன்செர்ட்) 2, 3 அழுத்தி அதை இயக்கலாம், நிறுத்தலாம். இந்த அமைப்பு விசை அழுத்தத்தைக் கவனிப்பது. குரலில் வரும் எழுத்து விசை வழியாக வருவதில்லை; மொத்தமாகப் பெட்டிக்குள் வந்து இறங்குகிறது. அதனால் சில செயலிகளில் ஏதாவது சொல்லும், சிலவற்றில் மூச்சே விடாது. போதாததற்கு, பேசப் பேச ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அடுத்த சொல் வந்ததும் முந்தியதை மாற்றிக்கொள்வது இந்த மென்பொருள்களின் இயல்பு. அந்த மாற்றத்தை எல்லாம் திரைவாசிப்பான் படிக்க ஆரம்பித்தால் பேச்சே தடுமாறும்.

எனக்குப் பிடித்த தீர்வு, பேசும்போது என்விடிஏவை அடக்கி வைப்பது. 2024.1 பதிப்பில் 'கேட்டால் மட்டும் பேசு' என்ற புதிய பேச்சு முறை வந்திருக்கிறது. என்விடிஏ கீயோடு எஸ் அழுத்தி அழுத்தி அதற்குப் போகலாம். நகர்வதையும் மாறுவதையும் அது தானாகச் சொல்லாது, இந்த வரியைப் படி என்று கேட்டால் படிக்கும். பேசுங்கள், நிறுத்துங்கள், என்விடிஏ கீயோடு மேல் அம்பு, வரி காதில் விழும். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானில் இன்செர்ட்டோடு ஸ்பேஸ், பிறகு எஸ். அங்கேயும் பேச்சை அடக்கலாம். திரைவாசிப்பான் தானாக எதிரொலிக்கும் என்று காத்திருப்பதைவிட, நாம் கேட்டு அது சொல்வது நிம்மதி.

திருத்தத்தில் விண்டோஸை அடிக்க ஆளில்லை. விசைப்பலகை கையில் இருக்கிறது, எழுத்து எழுத்தாக, சொல் சொல்லாக நகரலாம், தேடலாம், மாற்றலாம். வாயால் எழுதிக் கையால் திருத்துவது என்ற பங்கீடு இங்கேதான் இயல்பாக அமைகிறது.

கூகுள் டாக்ஸை இதே வரிசையில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் மைக் திறக்கும். எழுத்தை நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் திரைவாசிப்பான் ஆதரவை அதற்குள் தனியாக இயக்க வேண்டும். 'அதை அழி', 'புதிய பத்தி' மாதிரியான குரல் கட்டளைகள் ஆங்கிலத்துக்கு மட்டும்தான். உலாவிக்குள் ஆவணம், ஆவணத்துக்குள் மைக் என்று அடுக்கடுக்காகப் போவதால் இப்போது எங்கே நிற்கிறோம் என்ற குழப்பம் எளிதில் வரும். கூட்டாக எழுதும் ஆவணம் என்றால் தவிர, இதைத் தேடிப்போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

டிராகன் வேறு சாதி

1997இல் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் என்ற குரல்தட்டச்சு மென்பொருள் வந்தபோது, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசாமல் இயல்பாகப் பேசி எழுதலாம் என்பதே செய்தி. இன்று அது பெரிய விஷயமில்லை. அது தனித்து நிற்பது இரண்டு இடத்தில்: நம் சொற்களைக் கற்றுக்கொடுக்கலாம்; எழுதுவதோடு நிற்காமல் கணினியையே குரலால் ஓட்டலாம். டிராகனும் திரைவாசிப்பானும் ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள் என்பதால் நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது. ஜாஸுக்கு ஜே-சே என்ற கட்டண மென்பொருள். என்விடிஏ பக்கம் டிக்டேஷன்பிரிட்ஜ் என்ற திறமூலத் துணைநிரல். டிராகன் என்ன எழுதியது என்பதைத் திரும்பச் சொல்வது, திருத்தப் பெட்டியில் வரும் மாற்றுச் சொற்களைப் படிப்பது எல்லாம் இந்தப் பாலங்கள் வழியாகத்தான்.

விலையைக் கூட்டிப் பார்த்தால் மயக்கம் வரும்: டிராகன் ஒன்று, ஜாஸ் ஒன்று, ஜே-சே ஒன்று. மூன்றும் ஒரே பதிப்பு வரிசையில் ஒத்துப்போக வேண்டும். ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். தமிழ் கிடையாது. மேக் பதிப்பு 2018இலேயே நிறுத்தப்பட்டது. டிராகனை வைத்திருந்த நுவான்ஸ் நிறுவனத்தை 2022இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது.

பிறகு யாருக்கு இது? பார்வையும் இல்லை, கையும் ஒத்துழைக்கவில்லை என்கிறவர்களுக்கு. மணிக்கட்டு வலியால் விசைப்பலகையைத் தொட முடியாதவருக்கு 'கையால் திருத்துங்கள்' என்று நான் மேலே சொன்னது எதுவும் உதவாது. விண்டோஸ் விஸ்டா காலத்துப் பழைய பேச்சறிதலுக்குப் பதிலாக விண்டோஸ் 11இல் வந்திருக்கும் வாய்ஸ் ஆக்ஸஸை இலவச மாற்று என்று சிலர் காட்டுகிறார்கள். பெயர் தெரிந்த பொத்தானைப் பெயர் சொல்லி அழுத்தலாம், சரி. பெயர் தெரியாவிட்டால் திரை முழுக்க எண்களை ஒட்டி, எண்ணைச் சொல் என்கிறது. அந்த எண் கண்ணுக்கு. பார்வையில்லாமல் குரலால் மட்டுமே கணினி ஓட்டுகிறவரை இந்த வடிவமைப்பு நினைத்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. இந்த ஒரு கூட்டத்துக்கு, ஆங்கிலத்தில் வேலை செய்கிறவராக இருந்தால், பழைய டிராகன் ஜோடிதான் இன்னமும் கனமாக நிற்கிறது.

பதிவுசெய்து பிறகு மாற்றுவது

ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளைத் திறமூலமாக விட்டதிலிருந்து இன்னொரு வழி பிறந்திருக்கிறது: முதலில் ஒலியாகப் பதிவுசெய்வது, பிறகு எழுத்தாக்குவது. திரைவாசிப்பானோடு சண்டையே இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. யோசித்து நிறுத்தலாம், மைக் மூடிவிடுமோ என்ற பயமில்லை. சொந்தக் கணினியிலேயே ஓட்டினால் பேச்சு வெளியே போகாது. நிறுத்தற்குறிகள் தானாக விழும்.

இதன் ஆபத்து நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதல். பழைய மென்பொருள் தவறினால் உளறும். உளறல் காதில் இடறும், பிடித்துவிடலாம். விஸ்பர் தவறினால் அழகாகத் தவறும். நீங்கள் அமைதியாக இருந்த இடத்தில்கூட, யாரும் பேசாத ஒரு முழு வாக்கியத்தைச் சுத்தமான இலக்கணத்தோடு எழுதிவைக்கும். திரைவாசிப்பான் அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் படிக்கும், காது ஏற்றுக்கொள்ளும். தமிழில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்: அதற்குப் பயிற்சி கொடுத்த 6,80,000 மணிநேர ஒலியில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1,17,000 மணிநேரம்தான். முதல் வரைவு, கூட்டக் குறிப்பு என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கையெழுத்திட வேண்டிய கடிதத்துக்கு மூல ஒலியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்த இடத்தில் திரும்பக் கேட்டுச் சரிபாருங்கள்.

காதால் பிழை திருத்துவது

எந்த ஜோடியை எடுத்தாலும் வந்து முட்டும் சுவர் இது. "நாளை பணி அதிகம்" என்று பேசுகிறீர்கள். "நாளை பனி அதிகம்" என்று விழுகிறது. திரைவாசிப்பான் வேகமாகப் படிக்கும்போது இரண்டும் ஒன்றுதான். மனம், மணம், கரி, கறி, அரம், அறம் எல்லாம் இதே ரகம். முழு வரியையும் பத்து முறை கேட்டாலும் பிடிபடாது.

என்விடிஏவில் அந்தச் சொல்லில் நின்று, நம்பேடில் 5ஐ இருமுறை அழுத்தினால் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சொல்லுக்குச் சொல் இப்படிச் செய்தால் விடிந்துவிடும். அதனால் குறுக்கு வழி: நீங்கள் அடிக்கடி எழுதும் சொற்களில் குழம்பக்கூடிய ஜோடிகள் கொஞ்சம்தான் இருக்கும். பேசி முடித்ததும் தேடல் பெட்டியைத் திறந்து 'பனி' என்று தட்டிப் பாருங்கள். இல்லை என்று வந்தால் கவலை விட்டது. பிரெய்ல் காட்சிப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை; னகரத்துக்கும் ணகரத்துக்கும் புள்ளிகள் வேறு, விரலே சொல்லிவிடும்.

நிறுத்தற்குறிகளும் இப்படித்தான். சாதாரண அமைப்பில் காற்புள்ளியைத் திரைவாசிப்பான் ஒரு சிறு இடைவெளியாக மட்டும் காட்டும். திருத்தும்போது மட்டும் என்விடிஏ கீயோடு பி அழுத்திக் குறி அளவை 'எல்லாம்' வரை ஏற்றுங்கள். கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் கேள்விக்குறி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி நிற்பது தெரிந்துவிடும்.

ஆக, இரண்டு கையும் நன்றாக இருக்கிறவருக்கு என் தேர்வு, நீள எழுத்துக்கு விண்டோஸும் என்விடிஏவும், அவசரச் செய்திக்குக் கைபேசி. நிமிடத்துக்கு அறுபது சொல் தட்டத் தெரிந்தவர் என்றால் குரல்தட்டச்சே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். பேசி மிச்சமாகும் நேரத்தைத் திருத்தம் தின்றுவிடும். பேருந்திலோ அலுவலகத்திலோ நாலு பேர் நடுவில் பேசி எழுத முடியாத நேரத்துக்கு, ஐபோனில் 2014இலிருந்தும் ஆண்ட்ராய்டில் 2020இலிருந்தும் திரையிலேயே பிரெய்ல் தட்டும் வசதி இருக்கிறது. கடவுச்சொல்லும் வங்கி எண்ணும் தட்ட அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அவற்றை வாயால் சொல்லி எழுதும் பேச்சே கூடாது.