நெல்வயலில் ஒரு முழுப் போகம்: 8×42 பைனாகுலர் மதிப்புரை

நெல்வயல் பறவைகளைக் கணக்கெடுப்பதற்கென்றே வாங்கிய 8×42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை) பைனாகுலரை, சேற்றுழவு தொடங்கி அறுவடைக்குப் பிந்தைய தரிசு வரை ஒரு முழுப் போகமும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். ஒரே வயல் சில மாதங்களுக்குள் குளமாகி, பசும்புல் வெளியாகி, கதிர்க்காடாகி, கட்டாந்தரையாகவும் ஆகிவிடுகிறது. அதற்கேற்ப அங்கே வரும் பறவைகளும் மாறுவதால், ஒரு நாள் காலையில் மட்டும் பார்த்துவிட்டு இக்கருவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

உழவு நாட்களில் இது சிறப்பாக உழைத்தது. கிளறிய சேற்றிலிருந்து வெளிப்படும் புழு பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகளும் மடையான்களும் மைனாக்களும் கலப்பையின் பின்னால் நெருக்கியடித்து வரும்போது, நமக்கு வேண்டியது உருப்பெருக்கம் அன்று, அகன்ற காட்சிப்பரப்பே. ஆயிரம் மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 140 மீட்டர் அகலம் தெரிவதால் கூட்டத்தைச் சிதறாமல் எண்ண முடிந்தது. நண்பர் ஒருவரின் 10×42 கருவியில் பறவை பெரிதாகத் தெரிந்தாலும், வரப்பில் நின்றபடி பார்க்கையில் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதானது. 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையை எட்டால் வகுத்தால் கிடைக்கும், கண்ணுக்கு வந்து சேரும் 5.25 மில்லிமீட்டர் ஒளிவட்டம், விடியலின் மங்கிய வெளிச்சத்திலும் போதுமானதாக இருந்தது.

நடவு முடிந்து, கணுக்கால் அளவு நீர் நிற்கும் வாரங்களே இப்போகத்தின் செல்வம். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு வலசை வரும் பொரி உள்ளான் என்னும் நீர்க்கரைப் பறவை ஒன்று, இருபது அடி தூரத்தில் நாற்று வரிசைகளுக்கிடையே இரை தேடிக்கொண்டிருந்தது. அதன் வெண்புருவத்தையும், பழுப்பு முதுகின் மேல் பொரி தூவியது போன்ற வெண்புள்ளிகளையும் இக்கருவி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியபோது, அப்பெயரை வைத்தவரின் கண்ணை வியந்தேன். நெல்வயல்களை ஈரநிலங்களாகக் கருதி அவற்றின் பல்லுயிர் வளத்தைப் பேண வேண்டுமென, ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கை நாடுகள் 2008-இல் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பயிர் தூர்கட்டி உயர்ந்ததும் கருவியின் குறை வெளிப்பட்டது. கதிர்க்குருவியும் கானாங்கோழியும் ஒரு நொடி தலைகாட்டி மறைபவை. காட்சியைத் தெளிவாக்கச் சுழற்றும் குவியத் திருகியோ கனமாகவும் மெதுவாகவும் சுழல்கிறது. முட்டையை அடைகாத்துக் குஞ்சுகளையும் பேணும் ஆண் மயில் உள்ளான், மூன்று குஞ்சுகளுடன் வரப்பைக் கடந்ததை, நான் திருகி முடிப்பதற்குள் இழந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பால்பிடிக்கும் பருவத்தில் கதிர்களில் தொங்கும் புள்ளிச் சில்லைகளுக்கும் தூக்கணாங்குருவிகளுக்கும் இத்தகைய அவசரம் தேவைப்படவில்லை. அவை நின்று நிதானமாகக் காட்சி தந்தன.

ஒருமுறை வாய்க்கால் நீரில் விழுந்தும் உள்ளே ஈரம் புகவில்லை. நைட்ரஜன் நிரப்பியதால் பனிக்காலையிலும் உட்புறம் ஆவி படியவில்லை. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் விளிம்பின் ரப்பர் நான்காம் மாதத்திலேயே கழன்றது. விற்றவர்கள் மாற்றுத்தர நெடுநாள் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி அணிபவர்கள் வாங்கும் முன் முழு வட்டமும் தெரிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அறுவடைக்குப் பின் வயல் காய்ந்ததும் வெயில் ஏற ஏறக் கானல் எழுந்து, நெட்டைக்காலியும் வானம்பாடியும் நீரில் அலைவன போல் நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த வில்லையும் அதைத் தீர்க்காது. காலையிலேயே முடித்துவிட வேண்டும். அத்தகைய ஒரு காலையில், அறுத்த நெல் தாள்களுக்கிடையே ஈரம் மிச்சமிருந்த ஒரு மூலையிலிருந்து உள்ளான் ஒன்று காலடியில் சட்டென எழுந்து வளைந்து வளைந்து பறந்தது. இறக்கையின் பின்விளிம்பில் வெண்கோடு இருந்தால் விசிறிவால் உள்ளான், இல்லாவிட்டால் ஊசிவாலாக இருக்கலாம். இம்முறை திருகியை முன்பே தூரத்துக்கு வைத்திருந்தேன். வெண்கோடு பளிச்சென்று தெரிந்தது.